நான்காவது வகை

ராணுவ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒரே நேரத்தில் பலர் காயத்தோடு வந்து சேர்ந்தால் அவர்களை நான்காகப் பிரிப்பார்கள். உடனே கத்தி வைத்தால் பிழைத்துக்கொள்வார் என்றால் முதல் வகை. சில மணி நேரம் தாங்குவார் என்றால் இரண்டாவது. சிறு காயத்தோடு தானே நடந்து வருபவர் மூன்றாவது. காயம் மிகப் பெரியது, இருக்கிற ஆட்களையும் ரத்தத்தையும் அறுவை மேசையையும் இவர் ஒருவருக்கே செலவிட்டால் வேறு பலர் போய்விடுவார்கள் என்றால் நான்காவது. நேட்டோ படைகளின் அட்டவணையில் இந்த நான்காவது வகைக்கு ‘எக்ஸ்பெக்டன்ட்’ என்று பெயர். சாகப்போகிறவர் என்று எழுதக் கூச்சப்பட்டு வைத்த பெயர் போலிருக்கிறது.

ஆங்கிலத்தில் கர்ப்பிணிக்கும் இதே சொல்தான். தமிழில் ‘எதிர்நோக்கியிருப்பவர்’ என்று சொல்லிப் பார்த்தேன், உட்காரவில்லை. கர்ப்பிணி ஒரு குழந்தையை எதிர்நோக்கியிருக்கிறாள், சரி. வயிறு கிழிந்து கிடப்பவர் எதை எதிர்நோக்குகிறார்? பல நேரம் அவருக்கு நினைவே இருக்காது. நினைவிருந்தாலும் தன்னை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எதிர்நோக்கியிருப்பது மருத்துவமனைதான், அந்தப் படுக்கை காலியாவதை. தன்னுடைய காத்திருப்பை நோயாளியின் பெயராக மாற்றிவிட்டது அந்தச் சொல்.

வகை பிரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ‘ட்ரையாஜ்’ என்று உலகம் முழுக்க வழங்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தரம் பிரித்தல் என்பதுதான் பொருள். அது வருவதற்கு முன்னால் படுகளத்தில் நடந்ததும் பிரிப்புதான், பதவியைப் பார்த்த பிரிப்பு. தளபதியின் சுண்டுவிரல் காயத்துக்குக் கட்டுப்போட்ட பிறகு சிப்பாயின் துண்டான காலுக்கு வருவார்கள். நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த தொமினிக் லாரே அதைத் திருப்பிப் போட்டார். பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார், ஆபத்தாகக் காயம்பட்டவருக்கு முதலிடம் என்றார். 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிய அவருடைய நினைவுக்குறிப்பில் இந்த விதி இருக்கிறது. ஒரு சமத்துவச் சிந்தனையாகத்தான் இது பிறந்திருக்கிறது. பிறகு 1846இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜான் வில்சன் இன்னொரு கணக்கைச் சேர்த்தார். சிறு காயக்காரர்களையும் தேறாதவர்களையும் தள்ளிவைத்தால்தான் நடுவில் இருப்பவர்களைக் காப்பாற்ற முடியும் என்றார் அவர். லாரேயிடம் மிக மோசமான காயம் முதலில் வந்தது. வில்சனிடம் அதில் ஒரு பகுதி கடைசிக்குப் போனது. இந்த இரண்டாவது நகர்வில்தான் நம் நான்காவது வகை பிறந்தது.

தள்ளிவைக்கப்பட்டவர் எங்கே போனார்? இதற்கு நேரடியான பதில் கிரிமியப் போரில் கிடைக்கிறது. 1854இன் இறுதியில் முற்றுகையில் இருந்த சேவஸ்தபோலுக்கு ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் பிரகோவ் வந்து சேர்ந்தார். தரையெங்கும் காயம்பட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். யாருடைய கூச்சல் பெரிதோ அவரிடம் மருத்துவர்கள் ஓடினார்கள். பிரகோவ் அவர்களை வரிசைப்படுத்தினார்: உடனே அறுவை செய்ய வேண்டியவர்கள், மறுநாள் வரை பொறுக்கலாம் என்றிருப்பவர்கள், கட்டுப்போட்டு அனுப்பிவிடக்கூடியவர்கள். தேறவே மாட்டார்கள் என்றிருந்தவர்களைத் தனியே பிரித்துக் கருணைச் சகோதரிகளிடமும் பாதிரியாரிடமும் ஒப்படைத்தார். அதே ஆண்டு எலெனா பாவ்லோவ்னா சீமாட்டி அமைத்த சகோதரிகள் சங்கத்துப் பெண்கள் அவர்கள். குஷ்சின் என்ற வணிகரின் வீட்டில், அழுகிய புண்களோடு கைவிடப்பட்டவர்கள் கிடந்த அறைகளில், இந்தப் பெண்கள் இரவும் பகலும் இருந்தார்கள்.

பிரகோவின் இந்த ஏற்பாட்டை மருத்துவ வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. மருத்துவம் கைவிடும் இடத்தில் பெண் தொடங்குகிறாள் என்று ஒரு வேலைப் பிரிவினை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. காப்பாற்றக்கூடிய உடல் சர்ஜனுக்கு, காப்பாற்ற முடியாத உடல் பெண்ணுக்கும் கடவுளுக்கும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரகோவ் குறைந்தபட்சம் யார் பொறுப்பு என்று சொன்னார். அந்த அறைக்கு ஆள் போட்டார்.

(அதே போரில் எதிரணியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் இருந்த நைட்டிங்கேலை நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கையில் விளக்கோடு நடந்தவர் என்று படித்தோம். போரில் செத்தவர்களை மாதவாரியாக, காரணவாரியாக எண்ணி 1858இல் வட்ட வரைபடமாகப் போட்டுக் காட்டிய புள்ளியியலாளர் என்று படிக்கவில்லை. விளக்கு பாடத்துக்கு வந்தது, கணக்கு வரவில்லை.)

நூறாண்டுக்கும் மேல் தள்ளி வியட்நாம். ஹெலிகாப்டர்கள் வந்த பிறகு, முன்பு களத்திலேயே செத்திருக்கக்கூடியவர்கள் உயிரோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் நேராக நான்காவது வகைக்குப் போனார்கள். அங்கே பணியாற்றிய அமெரிக்க ராணுவப் பெண்கள் சுமார் 11,000 பேர், பெரும்பாலோர் நர்ஸ்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள் பலர், படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆனவர்களும் உண்டு. பிளைக்கு நகரின் 71ஆவது மருத்துவமனையில் 1969-70இல் இருந்த லிண்டா வான் டெவான்டர் 1983இல் ‘ஹோம் பிஃபோர் மார்னிங்’ என்ற நினைவுநூலை வெளியிட்டார். சக நர்ஸ்கள் சிலர் அது மிகை என்று கோபப்பட்டார்கள். அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு 1988இல் முடிந்த பெரிய ஆய்வு ஒன்று, வியட்நாமில் பணியாற்றிய பெண்களில் 26.9% பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஆளானதாகக் கண்டது. ஆண்களில் அது 30.9%. துப்பாக்கி தூக்கியவர்களுக்கும் துணி மாற்றியவர்களுக்கும் இவ்வளவுதான் இடைவெளி. அந்தப் போரில் ஆண் நர்ஸ்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு இயல்பாகவே வரும் வேலை என்று ஒன்று இல்லை, ஒருவர்மேல் சுமத்தியபின் அதற்குச் சூட்டும் பெயர்தான் இயல்பு.

இப்போது மதிப்பீட்டுக்கு வருகிறேன். இந்த வகைப்பாட்டு முறைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று ஆராயும் கட்டுரைகள் மருத்துவ இதழ்களில் நிறைய வருகின்றன. அவை இரண்டு பிழைகளைத் தேடுகின்றன. ஆபத்தில் இருந்தவரை ஆபத்தில்லை என்று வைத்துவிட்டோமா? ஆபத்தில்லாதவரை ஆபத்து என்று முன்னால் தள்ளிவிட்டோமா? முதல் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டாவது 25 முதல் 35 சதவீதம் வரை போனாலும் பொறுக்கலாம் என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி வகுத்த அளவுகோல். நல்ல கேள்விகள், நல்ல அளவுகோல். ஆனால் இரண்டுமே பிரிப்பவரின் கணிப்பைப் பற்றியவை. பிரித்த பிறகு நான்காவது வகைப் படுக்கையில் என்ன நடந்தது, வலிக்கு மருந்து கிடைத்ததா, மறுபடி வந்து பார்த்தார்களா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பதற்கு இந்தச் சதவீதங்களில் இடமில்லை. நான்காவது வகையில் போட்டவர் செத்துவிட்டால் கணக்குப்படி பிரிப்பு சரி. அவர் எப்படிச் செத்தார் என்பது கணக்கில் வராது.

அமைதிக்கால அவசரப் பிரிவுக்கு இன்னொரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1990களின் இறுதியில் உருவாகி, ராணுவ மருத்துவமனைகளிலும் புழங்கும் ஐந்து படிநிலை முறை. போர் இல்லாத நாளில் ராணுவ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் சிப்பாய்களின் மனைவிகள், ஜுரம் கண்ட குழந்தைகள், ஓய்வுபெற்ற கிழவர்கள் எல்லாரும் உண்டு. உயிராபத்து இல்லை என்று தெரிந்தபின், இவருக்கு எத்தனை ‘வளங்கள்’ தேவைப்படும் என்று வாசலில் இருக்கும் நர்ஸ் கணித்துப் படிநிலை போடுவார். எது வளம் என்பதற்குப் பட்டியல் உண்டு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசிவழி மருந்து, சிறப்பு மருத்துவரை அழைப்பது, இவை வளம். வாய்வழி மாத்திரை, சாதாரணக் கட்டு, ஊன்றுகோல், இவை வளம் ஆகா. பயந்துபோன ஒரு பெண்ணிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது இரண்டு பட்டியலிலும் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கணிப்பைச் செய்பவரே ஒரு நர்ஸ். அவருடைய கண் கணக்கில் வருகிறது, கை வரவில்லை.

எண்ண முடியாதது என்பதால் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1980களில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் உள்நோயாளி வார்டுகளுக்கு வேறொரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தன. இந்த நோயாளிக்கு இன்று எத்தனை மணி நேர நர்ஸ் உழைப்பு தேவை? குளிப்பாட்ட, சோறூட்ட, நாடி பார்க்க, மருந்து ஏற்ற என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டி, அதன்படி ஆள் எண்ணிக்கையைக் கேட்டார்கள். ஆறுதலுக்கும் அதில் கொஞ்சம் புள்ளி இருந்தது. முரட்டுத்தனமான கணக்குதான், இருந்தாலும் பராமரிப்பு என்பது நேரம், நேரம் என்பது ஆள் என்று ஒப்புக்கொண்ட கணக்கு. அவசரப் பிரிவின் வரிசைக் கணக்கும் இந்த மணிக் கணக்கும் வெவ்வேறு மேசைகளில் வளர்ந்தன. நான்காவது வகைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு மேசை இன்னொரு மேசையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நான்காவது வகை ஓர் உடலைப் பற்றிய செய்தி அல்ல என்பதுதான் இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. அதே காயத்தோடு அதே மனிதர் வேறொரு இரவில், மேசை காலியாக இருக்கும்போது வந்திருந்தால் அவர் முதல் வகை. அப்படியானால் அந்த அட்டை அவரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை, நம்மிடம் என்ன இல்லை என்று சொல்கிறது. எந்த மருத்துவத்தாலும் தீராத காயத்தால் சாகிறவருக்கு நாம் துக்கப்படலாம். நம்மிடம் போதவில்லை என்பதால் சாகிறவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சரியான முடிவு எடுத்தோம் என்பதால் அந்தக் கடன் தீராது.

போதவில்லை என்பதும் இயற்கையாக நேர்வது அல்ல. எத்தனை சர்ஜன்கள், எத்தனை யூனிட் ரத்தம் என்பதைப் போரைத் திட்டமிட்டவர்கள் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். வாசலுக்கு முன்னாலும் ஒரு பிரிப்பு உண்டு. ஆப்கானிஸ்தானில் வெளிநாட்டுப் படைகளின் மருத்துவமனைகளில், உள்ளூர் மக்களில் யாரைச் சேர்க்கலாம் என்பதற்குத் தனி விதிகள் இருந்தன. சேர்த்தவர்களைச் சீக்கிரமே, வசதி குறைந்த உள்ளூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1949இன் முதல் ஜெனீவா உடன்படிக்கை, 12ஆம் பிரிவு, அவசர மருத்துவக் காரணம் மட்டுமே சிகிச்சையில் யார் முந்தி என்பதைத் தீர்மானிக்கலாம் என்கிறது. பால், இனம், தேசம் பார்க்கக் கூடாது, யாரையும் தெரிந்தே சிகிச்சையும் பராமரிப்பும் இல்லாமல் விடக் கூடாது என்றும் சொல்கிறது. அமெரிக்கத் தரைப்படை மருத்துவப் பிரிவின் முழக்கமோ போரிடும் வலிமையைக் காப்போம் என்பது. இரண்டும் ஒரே வார்டில் எப்படிக் குடியிருக்கின்றன? 1943இல் வட ஆப்பிரிக்காவில் பென்சிலின் பற்றாக்குறையாக இருந்தபோது, சண்டையில் காயம்பட்டவர்களை விட்டுவிட்டு, பாலியல் தொழில் விடுதிகளுக்குப் போய் வெட்டை நோய் வாங்கி வந்த சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்தார்கள், அவர்கள்தான் சீக்கிரம் சண்டைக்குத் திரும்புவார்கள் என்பதால் என்று ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அப்படியே நடந்ததா என்று பின்வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எப்படியானாலும் அறநெறி வகுப்புகளில் இது பிரபலமான உதாரணம். காயம்பட்டவனா, வெட்டை கண்டவனா என்று மாணவர்கள் வாதாடுகிறார்கள். அந்த விடுதியில் இருந்த பெண்ணுக்கும் அதே நோய் இருந்திருக்குமே, அவளுக்குப் பென்சிலின் உண்டா என்ற கேள்வி அந்த உதாரணத்துக்குள்ளேயே வருவதில்லை. அவள் எந்த வகையிலும் இல்லை, நான்காவதிலும் இல்லை.

அளவுகோல் எந்த உடலில் எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் ஈராக், ஆப்கான் போர்களின் காயப் பதிவேட்டைக் கொண்டு, மூச்சு, நாடித்துடிப்பு, நினைவுநிலை மூன்றையும் வைத்துப் புதிய பிரிப்பு முறை ஒன்றை வகுத்தார்கள். நாடி நிமிடத்துக்கு 100 அல்லது அதற்கு மேல் என்றால் முன்னால் வை. பழைய முறை தவறவிட்டவர்களை இது அதிகமாகப் பிடித்தது, அது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமான இளம் ஆண்கள். கர்ப்பிணிக்குச் சும்மா இருக்கும்போதே நாடி 10, 20 கூடுதலாகத்தான் துடிக்கும். ரத்த அளவும் கூடியிருப்பதால் நிறைய ரத்தம் போகும் வரை அவளுடைய ரத்த அழுத்தம் விழாது, விழும்போது காலம் கடந்திருக்கும். வயதானவர்களுக்கோ, சில மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கோ ரத்தம் போனாலும் நாடி ஏறாமல் இருக்கலாம். படையில் பிறந்த முறைகள் ஊருக்குள் வரும்போது இந்த உடல்களின்மேல் மறுபடி சோதிக்கப்பட வேண்டும். சிலர் சோதிக்கவும் செய்கிறார்கள்.

நான்காவது வகைக்கே திரும்புகிறேன். அமெரிக்க ராணுவத்தின் போர் அறுவை மருத்துவக் கையேடு இவர்களை மறக்கவில்லை. இவர்கள் கைவிடப்படக் கூடாது, மற்றவர் கண்ணில் படாமல் தனியே வைக்கப்பட வேண்டும், வலியில்லாமல் வைத்திருக்கப்பட வேண்டும், பிழைக்கும் வாய்ப்பு எப்போதும் கருதப்பட வேண்டும் என்ற பொருளில் அது பேசுகிறது. நல்ல மனம் கொண்ட பத்தி. இலக்கணம் நடத்துகிறவளுக்கு அதில் உறுத்துவது செயப்பாட்டு வினை. எல்லாம் செய்யப்பட வேண்டும், ஆனால் இந்த வாக்கியங்களில் ‘ஆல்’ உருபு ஏற்கும் பெயர் இல்லை. யாரால்? பிரகோவ் நிரப்பிய இடம் இந்த வாக்கியங்களில் காலியாக இருக்கிறது. காலியாக விட்ட இடத்தில் யார் போய் நிற்பார்கள் என்பது வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ஒரு மறுப்பு உண்டு, அது பலமானது. சாகிறவரின் பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்தால், பிழைக்கக்கூடியவரிடமிருந்து இரண்டு கைகள் குறைகின்றன. மிக மோசமான ஓர் இரவில் இது உண்மையாகவே இருக்கும். அப்போது அவரை எழுந்து போகச் சொல்வதுதான் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எழுந்து போனதை எழுதிவையுங்கள். நான்காவது வகையில் இத்தனை பேர், அவர்களில் தனியாகச் செத்தவர்கள் இத்தனை பேர், வலிமருந்து கிடைக்காதவர்கள் இத்தனை பேர், மறுபடி யாரும் வந்து பார்க்காதவர்கள் இத்தனை பேர். முறையை மதிப்பிடும் அட்டவணையில் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் இதுவும் ஒரு நிரலாக இருக்கட்டும். எழுதினால் அடுத்த மருத்துவமனைக்கு ஆள் கேட்க முடியும். எழுதாவிட்டால் அங்கே ஒன்றுமே குறையவில்லை என்றுதான் மேலிடம் நினைத்துக்கொள்ளும். பணிப்பட்டியலில் அந்த அறைக்கு ஒரு பெயர் வரட்டும், சில நேரம் அது சர்ஜனின் பெயராகவும் இருக்கட்டும். தான் ஒதுக்கிய முகத்தின் அருகே ஒரு மணி நேரம் இருந்த சர்ஜன், அடுத்த முறை அட்டையைக் கட்டும்போது இன்னும் ஒருமுறை குனிந்து பார்ப்பார் என்பது என் ஊகம்.

புண்பட்டவனின் பக்கத்தில் இருப்பதற்கு நம் புறத்திணையில் ஒரு துறையே உண்டு, தொடாக்காஞ்சி. காயத்தோடு கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. மனைவி என்றுதான் சொல்கிறது, வேறு யாரையும் சொல்லவில்லை. அதை வகுப்பில் நான் கேள்வி கேட்காமல் கடந்ததில்லை. அரிசில்கிழாரின் 281ஆம் புறப்பாட்டை நடத்தும்போது மாணவிகள் முதலில் கேட்பது ஒன்றே: “அவன் பிழைச்சானா மேடம்?” பாட்டு அதைச் சொல்வதில்லை. தேறுவானா மாட்டானா என்று பிரிக்காமலே பாட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறது. போன ஆண்டு பின்வரிசையில் இருந்து ஒருத்தி வேறு கேள்வி கேட்டாள்: “ராத்திரி முழுக்க அவ ஒருத்தியேவா முழிச்சிருந்தா?”

அதற்குப் பாட்டில் பதில் இருக்கிறது. அந்தப் பாட்டு முழுவதும் ஒருத்தி தன் தோழியை அழைக்கும் அழைப்பு. வீட்டில் இரவத்தழையும் வேம்பும் செருக வேண்டும், யாழும் மற்ற கருவிகளும் ஒலிக்க வேண்டும், மை இட வேண்டும், வெண்கடுகு தூவ வேண்டும், குழல் ஊத வேண்டும், மணி அடிக்க வேண்டும், காஞ்சிப் பண் பாட வேண்டும், வீடெங்கும் நறும்புகை போட வேண்டும். ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை. நாம் காப்போம், நீயும் வா என்கிறாள்.